சாகாமல் போனவள்

பார்மா, ஞாயிறு காலை

உனக்கு,

உன் அக்கா வீட்டுப் பக்கம் குளிர் எப்படியோ, இங்கே மூடுபனி.

நேற்று நம் ஓபராவைப் புதுவிதமாக மேடையேற்றினார்கள். கடைசியில் நாயகி இருமி இருமிச் சாக வேண்டுமல்லவா? இவள் பாடிக்கொண்டே படுக்கையை விட்டு எழுந்தாள், பெட்டியை எடுத்தாள், கதவைத் திறந்து போய்விட்டாள். காதலன் வெறும் படுக்கையைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

மேல்மாடம் முழுக்க எதிர்ப்புச் சீழ்க்கை. நம் பின்வரிசை எர்சீலியோ எழுந்து நின்று, "செத்துத் தொலைம்மா, காசு குடுத்து வந்திருக்கோம்" என்று கத்தினான். பிறகு என்னிடம், "என்னய்யா, எப்பவும் மொத விசில் உன்னோடதுதானே? இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றான்.

"உதடு வெடிச்சிருக்கு" என்றேன்.

போவதற்கு முன் அவள் கதவருகே கொஞ்சம் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. நீ போன விதம் அந்த இயக்குநருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

உன் இருக்கையில் என் மேலங்கியைப் போட்டு வைத்திருந்தேன். ஒருவர் கேட்டார். ஆள் வரும் என்று சொல்லிவிட்டேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. நம் வாசற்கதவு இறுகிக் கிடக்கிறதென்று சொல்வாயே, தச்சரைக் கூப்பிட்டு இழைக்க வைத்துவிட்டேன். இப்போது வெளியிலிருந்து லேசாகத் தள்ளினாலே திறக்கிறது.

இப்படிக்கு,
உன் பக்கத்து இருக்கைக்காரன்