மூக்கில் ஊற்றிய கிருமி

ஜூன் 3, செவ்வாய்

ஊத்திட்டாங்க!!!

தடுப்பூசி ஆராய்ச்சிக்காக, ஒரு மூக்குத் துளைக்கு ஒரு சொட்டு. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கில் நியூமோகாக்கஸ், நிமோனியா தரும் கிருமி. மற்ற பையன்களுக்குப் பந்தாட்டக் குழு என்றால் எனக்கு இந்தக் கிருமி. மூன்று வருடமாக டேட்டா போட்டுப் போட்டு வீடியோ பார்த்துப் படித்தது. இப்போது அது என் வீட்டு விருந்தாளி.

போன மாதம் போட்ட ஊசி நிஜத் தடுப்பூசியா, வெறும் உப்புத் தண்ணீரா? சொல்ல மாட்டார்கள். கிருமி ஒட்டியதா இல்லையா என்பதும் கடைசியில்தான் தெரியும். நர்ஸ் சிஸாலேவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "எனக்கே தெரியாதுடா தம்பி. தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுப்போகும். வாய மூடிட்டு மூக்க மேல தூக்கு" என்றார்.

விதிகள்: தினமும் காலையில் காய்ச்சல் பார்த்துச் செய்தி அனுப்ப வேண்டும். கிருமியைக் கொல்லும் மாத்திரை அட்டை எப்போதும் பையில் இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே விழுங்கிவிட்டு போன் செய்ய வேண்டும். கைக்குழந்தைகள், வயசானவர்கள், நெஞ்சு பழுதானவர்கள் பக்கமே போகக் கூடாது.

அம்மாவுக்குத் தெரியாது. ஏதோ பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். தங்கச்சி ஃபத்சானிக்கு மட்டும் தெரியும்.

ஜூன் 4

36.4 டிகிரி செல்சியஸ். ஒன்றுமே இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்.

நோய், மருந்து பற்றி நான் நடத்தும் வாட்ஸாப் சேனலில் இன்றைய பதிவு: "மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. தேவையில்லாமல் விழுங்கவும் விழுங்காதே." நிறைய பேர் பகிர்ந்தார்கள்! ஒருவன் கேட்டான், "மயெசோ, நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?" என் போன்தான் என் காலேஜ் என்று பதில் போட்டேன்.

ஜூன் 7, சனி

சிபெரோனி, இந்தக் குளிர்காலத் தூறல், இன்னும் விடவில்லை. நான் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நிடிராண்டே முழுக்க ஈரக் கரிப்புகை.

ஃபத்சானி போன் செய்தாள். வைசன் மாமாவுக்கு இருமலாம். அம்மாவின் தம்பி. அப்பா போன பிறகு எங்களை நிமிர்த்தி வைத்தவர். பழைய காசநோய் ஒரு பக்க நுரையீரலைத் தின்றுவிட்டது. இந்த மழையிலும் லிம்பே சந்தையில் பழைய துணி மூட்டையைப் பிரித்துப் போட்டு விற்றிருக்கிறார்.

அவருக்கே போன் போட்டேன். "என்ன டாக்டர் மாப்ள, போன் வழியா ஊசி போடுவியா?" சிரிப்பு பாதியில் இருமலாக மாறிவிட்டது. பேசும்போது மூச்சு வாங்குவது கேட்டது.

"சளி என்ன நிறம் மாமா?"

"உங்கத்த எண்ணெயில சுடுற மண்டாசிப் பணியார நிறம். வந்து பாரேன்."

போக முடியாது. மாமா வீடு பாங்வேயில், மினிபஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். பெருநகரத்தில் எத்தனையோ பேர் இருக்க, நான் ஒருவன் மட்டும் அவர் பக்கம் போகக் கூடாத ஆள்.

ஜூன் 8

மாமா வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நிமோனியாவுக்கான மருந்து தீர்ந்துவிட்டதாம். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று கத்தினேன். "புது மூட்டை வந்திருக்கு, வித்துட்டுப் போறேன்" என்கிறார். யோவ் மாமா!

என் பையில் இருப்பது அதே மருந்துதானே.

பேருந்து நிலையத்தில் ஃபத்சானியை வரச் சொல்லி, நாலு அடி தள்ளி நின்று, அட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு விலகினேன். அவள் முறைத்தாள். "இது உனக்குக் கொடுத்ததுல்ல? உனக்குக் காய்ச்சல் வந்தா?"

"எனக்கு வராது. எல்லாத்தையும் முழுங்கணும்னு சொல்லு. பாதில நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு. நான் ஏன் வரலன்னு மட்டும் சொல்லாத."

"பெரிய ரகசியம்! மூக்குல பூச்சி வளக்குறவன்."

ஜூன் 9

நர்ஸ் சிஸாலே அட்டையைக் காட்டச் சொன்னார். துணி துவைத்த வாளியில் விழுந்துவிட்டது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறொன்று கொடுத்தார். "இதையும் துவைச்சுடாத."

ஆக எனக்கு மருந்து வந்துவிட்டது. எல்லாம் சரி.

ஜூன் 10

மாமா குரல் செய்தி அனுப்பினார்! "உன் மருந்து கேக்குது மாப்ள. ராத்திரி தூங்குனேன். நீ உன் உடம்பப் பாத்துக்க, கேட்டியா? உன் உடம்ப."

எகிறிக் குதித்தேன். அறைத்தோழன் பயந்துவிட்டான்.

ஜூன் 12

மாமாவுக்கு மறுபடியும் காய்ச்சலாம். ஏன்? மருந்து கேட்டதே. முழுசும் சாப்பிட்டால் இப்படி ஆகக் கூடாதே. ஃபத்சானியிடம் கேட்டால், "சாப்பிடறேன்னுதான் சொல்றாரு" என்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

மாமா போயிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில். சக்கர நாற்காலி வருவதற்குள்.

என்னத்த படிச்சேன் நான்? என்னத்த?

ஜூன் 13, சாயங்காலம்

நாளைக்கே அடக்கம். நர்ஸ் சிஸாலேவுக்குப் போன் செய்தேன். இப்போதே மாத்திரை போட்டால் போகலாமா?

"கிருமி போக ரெண்டு மூணு நாள் ஆகும் தம்பி. சாவு வீட்டுல கைக்குழந்தை இல்லாம இருக்குமா? கிழவங்க இல்லாம இருக்குமா?"

"எனக்கு ஒட்டலன்னா? ஒருவேளை என்கிட்ட ஒண்ணுமே இல்லன்னா?"

"யாரும் உன்னக் கட்டிப்போடல. முடிவு உன்னோடது. ஆனா நீ படிச்சவன்" என்றார்.

அத்தை மகள் முதுகில் மூன்று மாதக் குழந்தை. அவளும் அங்கேதான் இருப்பாள்.

ஜூன் 14

எங்கள் குடியில் மாமாவுக்குப் பின் அவர் இடத்தில் நிற்க வேண்டியவன் அக்கா மகன். குழிக்கரையில் எங்கள் பக்கத்துக்காகப் பேச வேண்டியவன் நான். அம்மா விடியற்காலையிலிருந்து போன் செய்தபடி இருந்தாள். கடைசியில் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அழுகை நின்றுபோனது. "கிருமிய... நீயே கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டியா?"

"தடுப்பூசிக்காகம்மா. மாமா மாதிரி ஆளுங்களுக்காக."

"எம் தம்பி மாதிரி ஆளு, அங்க பெட்டில கெடக்கான்டா." வைத்துவிட்டாள்.

பாங்வே சாலையில் முன்கூட்டியே போய்த் தள்ளி நின்றேன். வண்டிகள் மெதுவாகப் போகட்டும் என்று தழைகளை ஒடித்து ரோட்டில் போட்டிருந்தார்கள். பெட்டியோடு லாரி வந்தது. பெண்கள் பாடிக்கொண்டு நடந்தார்கள். எவர் செத்தாலும் வழிப்போக்கர்கள் அப்படியே உட்கார்ந்துவிடுவது எங்கள் வழக்கம். தக்காளி விற்பவள் உட்கார்ந்தாள். சைக்கிள்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். நானும் ஈரத்தில் உட்கார்ந்தேன், ஒரு வழிப்போக்கன் மாதிரி.

சைக்கிள்காரன் கேட்டான், "யாருப்பா, தெரிஞ்சவரா?"

லாரி வளைவில் மறைந்த பிறகுதான் எழுந்தேன்.

ஜூன் 15

36.5. அனுப்பினேன்.

ஜூன் 19

குழிக்கரையில் ஏதோ தூரத்து உறவுக்காரன் பேசினானாம். "சொந்த மருமகன் காசுக்காக உடம்ப வெள்ளக்காரனுக்கு வித்துட்டான்" என்று பேச்சு. சேனலுக்கும் போய்விட்டது. பதில் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன்.

ஜூலை 2

கடைசிப் பரிசோதனை முடிந்தது. நர்ஸ் சிஸாலே கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

ஒருமுறைகூட என் மூக்கில் அது வளரவே இல்லை. ஊற்றினார்கள், ஒட்டவில்லை. அவ்வளவுதான்.

"இதுவும் நல்ல தகவல்தான். ஒட்டாதவங்கதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்றார். தெரியும். அதைப் பற்றி நானே மூன்று பதிவு போட்டிருக்கிறேன்.

போயிருக்கலாம். இருமல் ஆரம்பித்த அன்றே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாத்திரையாக வாயில் போட்டிருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

சீனியும் சோளமாவும் வாங்கிக்கொண்டு துக்கம் கேட்கப் போனேன். அத்தை பாய் போட்டாள். அம்மா இருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அது போதும்.

அத்தை உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். பிரித்தால் என் மாத்திரை அட்டை. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"அவரு துருவித் துருவிக் கேட்டதுல ஃபத்சானி உளறிட்டா. 'பய மூக்குல நஞ்ச ஊத்திக்கிட்டு, தன் மருந்த எனக்கு அனுப்பியிருக்கான். எனக்குச் சரியாயிடுச்சு, மிச்சத்த அவனுக்கு எடுத்து வை'ன்னாரு. நீ வருவ வருவன்னு வெச்சிருந்தேன்."

ஃபத்சானி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வேறு அட்டை கிடைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மூக்கில் ஒன்றுமே இல்லை என்பதையும் இப்போது சொல்ல வாய் வரவில்லை.

அத்தை குவளையில் தண்ணீர் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணு என் கண்ணு முன்னால போடு சாமி. அவரு நிம்மதியா இருப்பாரு."

பிரித்து விழுங்கினேன்.