எங்கள் பக்கம் வந்த வண்டி

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் என் மகள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

கட்டியை எடுத்த இடம் ஆறிவிட்டது என்றாயே, எனக்குப் பாதி உயிர் வந்தது. உங்கள் நகரத்தில் வருஷாவருஷம் ஆபீசிலேயே கூப்பிட்டு மார்பைப் படம் எடுக்கிறார்கள். கைக்குத் தட்டுப்படும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மகராசிகள் நன்றாக இருக்கட்டும்.

இங்கே என் கட்டியைத் தொட்டுப் பார்த்த நர்சம்மா பால் கட்டியாக இருக்கும் என்றார். பேரன் எடுக்கிற வயசுல எனக்கு ஏது பாலு என்று சிரித்துவிட்டு வந்தேன். பிறகு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போய்க் காட்டியபோது டாக்டர், “இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க?” என்று கடிந்துகொண்டார். எங்க ஊர்லதான் சார் இருந்தேன் என்றேன். அவர் தலையைக் குனிந்து சீட்டு எழுத ஆரம்பித்தார்.

போன மாதம் அந்தப் படம் எடுக்கிற வண்டி முதல் தடவையாக எங்கள் பக்கம் வந்தது. பள்ளி மைதானத்தில் காலையிலிருந்து நின்றும் ஒருத்தி எட்டிப் பார்க்கவில்லை. தையல் கூடத்தில் என் பக்கத்து மிஷின்காரி குருவி, வாய் ஓயாதவள், நல்லா இருக்கறவ எதுக்கு வம்பை விலைக்கு வாங்கணும் என்றாள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, கதவைச் சாத்திவிட்டு மேல்சட்டைப் பித்தான்களைக் கழற்றி என் மார்பைக் காட்டினேன். மிஷின் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. முதலில் எழுந்தவள் குருவிதான். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். வண்டியிலிருந்த பெண் என்னையும் கூப்பிட்டாள். நான் துணைக்கு வந்தவ என்று சொல்லிவிட்டேன்.

குருவிக்கு மறுபடி வரச் சொல்லி அழைப்பு வந்தது. சின்னதுதானாம், எடுத்துவிடலாமாம். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எல்லாம் அவளுக்காக என்று சொல்ல மாட்டேன்.

என் மகள்தான் வரவில்லை. உனக்கு வராத வண்டி எனக்கு எதுக்கும்மா என்கிறாள். அம்மாவுக்கு இருந்தால் மகளை வருஷாவருஷம் பார்க்க வேண்டும் என்று வண்டியிலிருந்த அந்தப் பெண் சொன்னாள். வண்டி இனி எப்போது வரும் என்பது ஓட்டி வந்தவருக்கே தெரியவில்லை.

அதனால் அவளை உன்னிடம் அனுப்புகிறேன். ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று நீயே கூப்பிடு. அப்போதுதான் என்னை விட்டு நகருவாள். கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள், நீ விடாதே. எத்தனை நாளைக்கு என்று கேட்பாள். கொஞ்ச நாளைக்கு என்று சொல். நானும் அதையே சொல்கிறேன்.

நீங்கள் இருவரும், அவளும், நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் அக்கா