நாலரை என்றால் ஐந்து

மார்ச் 3, செவ்வாய்

சின்னவள் கப்பலில் போகிறாளாம். ஏழு நாள். பால்கனி வைத்த அறை. காலையில் அலுவலகம் திறந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஃபோன். "அக்கா, உட்கார்ந்திருக்கியா?" என்று ஆரம்பித்தாள். தனக்கு ஏதாவது நல்லது நடந்தால்தான் என்னை உட்காரச் சொல்லுவாள்.

கப்பல் எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது. துறைமுக வாசலுக்கு நேர் எதிரில்தான் நான் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கும் பயண அலுவலகம். கப்பல் ஏறுகிறவர்கள் ஒரு நாள் முன்னாலேயே வந்து இறங்குவார்கள். அந்த ஒன்றரை நாளில் எதைப் பார்ப்பது, எப்படிப் போவது, எத்தனை மணிக்கு வாசலுக்குத் திரும்புவது என்று ஒரு தாள் போட்டுக் கொடுப்பது என் வேலை. எத்தனை ஆயிரம் பேரை அனுப்பி வைத்திருப்பேன். நான் ஒரு கப்பலின் படியில்கூடக் கால் வைத்ததில்லை.

"எங்களுக்கும் உன் தாள் ஒண்ணு போட்டு வையேன்" என்றாள். நீயும் அத்தானும் வர்றீங்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

மார்ச் 4, புதன்

வயிறு எரிகிறது. எழுதி வைத்தால் குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இவரிடம் சொன்னேன். "போயிட்டு வரட்டும், பாவம்" என்றார்.

பாவமா? அவளா? சிறுவயதிலேயே ஜன்னலோர சீட்டு அவளுக்கு, நடு சீட்டு எனக்கு. பள்ளிக்கூடத்தில் பாட்டு அவளுக்கு, திரை இழுக்கிற வேலை எனக்கு. கட்டியவன் பல் டாக்டர். அவள் தும்மினால் கைக்குட்டையோடு நிற்பான். என்னைக் கட்டியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க உச்சியில் உட்கார்ந்து கப்பலைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷனுக்குக் கப்பல் என்றால் பெட்டி ஏற்றுகிற, இறக்குகிற இடம். அதில் ஒரு பெண்டாட்டியையும் ஏற்றலாம் என்று இருபது வருஷத்தில் தோன்றவில்லை.

இதையும் அவரிடம் சொன்னேன். "உனக்குத் தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்துமே" என்றார். அதுவும் உண்மைதான். அதனால் கோபம் இன்னும் கூடியது.

மார்ச் 9, திங்கள்

இன்று சின்னவள் தாளை ஆரம்பித்தேன். முதலில் போட்டது இது: நங்கூர அருங்காட்சியகம் (மூன்று மாடி, லிஃப்ட் ரிப்பேர்). குன்றின் மேல் கோட்டை, விஞ்ச் வண்டி இருப்பதைச் சொல்லாமல் முந்நூற்றுப் பன்னிரண்டு படி வழியாக. பழைய சுங்கக் கட்டடம், ஞாயிற்றுக்கிழமை காலையில். ஞாயிறு அது மூடியிருக்கும்.

ஒருமுறை படித்துப் பார்த்தேன். பதினான்கு வருஷத்தில் முன்பின் தெரியாத ஒருத்தரைக்கூடப் பூட்டிய கதவுக்கு அனுப்பியதில்லை. கிழித்துப் போட்டேன்.

பிறகு ஒழுங்காகப் போட்டேன். சனி மாலை விஞ்ச் வண்டியில் குன்று. ஞாயிறு காலை ஆறரைக்கு மீன் ஏலம். அங்கே வாங்குகிறவர் யாரும் வாயைத் திறப்பதில்லை, காலால் கூடையைத் தட்டுவதோடு சரி. ஒன்பதுக்குப் பெட்டிகளைத் துறைமுக வாசலில் ஒப்படைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு சுற்றலாம். பத்துக்குப் பெரிய பாலம் இரண்டாகத் திறக்கும். கிழக்குப் பக்கம் நிற்கவேண்டும், இல்லையென்றால் வெயில் கண்ணில் அடிக்கும். அப்புறம் கடிகாரக் கடைத் தெரு, எல்லாக் கடையும் ஒன்றாகப் பன்னிரண்டு அடிக்கும்போது. சாப்பிட்டபின் படகில் எதிர்க்கரைக் கலங்கரை விளக்கம்.

இது எல்லாருக்கும் கொடுப்பதுதான். கொடுக்காதது ஒன்று உண்டு. துறைமுக வாசலுக்குள் போகாமல் அதைத் தாண்டி, வலைக் கொட்டகைகளின் பின்னால் கால் மணி நேரம் நடந்தால் அலைதடுப்புச் சுவரின் முனை. போகிற கப்பல் அவ்வளவு பக்கத்தில் கடக்கும். மேல்தளத்தில் யார் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். கல்யாணமான வாரம் இவர் என்னை முதலில் கூட்டிப்போன இடம். அதை யாருக்கும் போட்டதில்லை. இவளுக்கும் கிடையாது.

மார்ச் 11, புதன்

தாளின் கடைசி வரி சிவப்பில் இருக்கும்: "இத்தனை மணிக்குள் வாசலுக்கு வந்துவிடவும்." வாசல் மூடுவது நாலரைக்கு. நான் நாலு என்று போடுவேன். ஊர் சுற்றுகிறவர்கள் எப்படியும் பிந்துவார்கள். அந்த அரை மணி நேரம் என் கைச்சரக்கு. மானேஜருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

சின்னவளுக்கும் தெரியும். அவளைப் பள்ளி பஸ்ஸுக்குக் கிளப்புவதற்காகச் சுவர்க் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தவள் நான்தானே. ஐந்தாம் வகுப்பில் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் எந்த நேரம் சொன்னாலும் அரை மணி கூட்டிக்கொள்வாள். என் கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்து சேர்ந்தாள்.

இன்று மறுபடி ஃபோன். கேப்டனோடு சாப்பிடும் நாளில் என்ன உடை போடுவது என்று இருபது நிமிஷம். நடுவில் சொன்னாள்: "உனக்கென்ன அக்கா, தினமும் கப்பலைப் பார்க்கிறவ."

சுருக்கென்றது. ஃபோனை வைத்துவிட்டுச் சிவப்பு வரியை டைப் அடித்தேன். நாலரை. உள்ளது உள்ளபடி. நாற்பத்தொரு வயதுக்காரிக்கு நான் எதற்கு அரை மணி நேரம் தானம் பண்ண வேண்டும்? பொய் ஒன்றும் இல்லையே. வாசல் நாலரைக்குத்தானே மூடுகிறது.

பொய் இல்லை என்றால் இதை ஏன் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 14, சனி

வந்துவிட்டார்கள். நாலு பெட்டி. கூடத்தில் வைத்தபின் நடக்க இடமில்லை. சின்னவள் என்னைக் கட்டிக்கொண்டு "இளைச்சுட்டே அக்கா" என்றாள். நான் போன வருஷத்தைவிட ஆறு கிலோ கூடியிருக்கிறேன்.

மாப்பிள்ளை நான் பேசும்போதெல்லாம் என் பல்லையே பார்க்கிறார். குன்றுக்குப் போய் வந்து, சாப்பாட்டு மேஜையில் தாளை உரக்கப் படித்தார். "நாளைக்கு நாலரைக்குள்ள வாசல்ல இருக்கணும்" என்றார்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "அக்கா நாலரைன்னு போட்டா அஞ்சுன்னு அர்த்தம். எங்க வீட்டுக் கணக்கு அது."

அவர் சிரித்தார். இவரும் சிரித்தார். நான் கையில் ஒரு தட்டோடு நின்றிருந்தேன். "இல்லடி, இந்தத் தடவை நாலரைதான்" — இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 15, ஞாயிறு — காலை

சொல்லவில்லை. ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். கப்பல் நாள் என்பதால் எனக்கு வேலை. ஒன்பதுக்குப் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையாட்டினாள். புதுத் தொப்பி, குடை மாதிரி அகலம். அவளுக்கு அது நன்றாக வேறு இருக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன். இல்லை. மறக்கவில்லை.

அதே நாள் — மாலை ஏழு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாலு மணிக்கு வாசலில் பெரிய வரிசை. நாலு பத்துக்குப் பத்துப் பேர். அதில் தொப்பி இல்லை. ஃபோன் என் மேஜைமேல் இருந்தது. நான் அடுத்த வாரத் தாள்களை அடுக்கிப் பின் அடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபத்தாறுக்கு அழைத்தேன்.

"படகுல வந்துக்கிட்டிருக்கோம் அக்கா. எதுக்குப் பதறுறே, இன்னும் அரை மணி இருக்குல்ல?"

"இல்லடி. நாலரைன்னா நாலரைதான்."

படகுச் சத்தத்துக்கு நடுவில் மாப்பிள்ளையை அவள் கூப்பிடுவது கேட்டது.

வாசலுக்கு ஓடினேன். காவலருக்கு என்னைப் பதினான்கு வருஷமாகத் தெரியும். கெஞ்சினேன். "பேர்ப்பட்டியல் கப்பலுக்குப் போயிடுச்சும்மா. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். நாலு ஐம்பதுக்கு அவர்கள் ஓடி வந்தார்கள். அவள் ஒரு கையில் செருப்பு, மறு கையில் தொப்பி. வாசல் பூட்டியிருந்தது. நாலு பெட்டியும் உள்ளே.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "என் தப்புதான். நான் லேட்டுன்னு ஊருக்கே தெரியும்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நீ ஏன் அக்கா அழறே?" என்றாள். இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலை.

அவர்களை எங்கே கூட்டிப்போவது என்று தெரியவில்லை. கால் தானாக வலைக் கொட்டகைப் பக்கம் நடந்தது. ஆறு மணிக்குக் கப்பல் ஊதியது. கொஞ்ச நேரத்தில் சுவரின் முனையை ஒட்டிக் கடந்தது. மேலே யார் யாரோ கையாட்டினார்கள். மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணி, ஏழாம் தளத்தில் அவர்கள் பால்கனியைக் கண்டுபிடித்தார். இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஆள் இல்லை.

கப்பல் சின்னதானதும் அவள் திரும்பி என்னைக் கேட்டாள்: "இந்த இடம் தாள்ல இல்லையே அக்கா?"



மார்ச் 16, திங்கள்

கப்பல் கம்பெனியிடம் பேசிவிட்டார்கள். நாளை விமானத்தில் போனால், நாளை மறுநாள் கப்பல் நிற்கும் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம். நாலு நாள் மிச்சம் இருக்கும்.

அவளுக்கு மாற்றுத்துணி இல்லை. என் நீலச் சட்டையைக் கொடுத்தேன். காலர் தேய்ந்தது. அது என்னைவிட அவளுக்குப் பாந்தமாக இருக்கிறது. இந்த நிலைமையிலும் எனக்கு அது கண்ணில் படுகிறது பாருங்கள் — யாரிடம் பாருங்கள் என்கிறேன்?

சமையலறையில் வைத்துச் சொல்லிவிட்டேன். "நேரத்தைத் தெரிஞ்சுதான் அப்படிப் போட்டேன். நீ அஞ்சுன்னு சொன்னப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

அவள் என் சட்டையின் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள். "எதுக்கு?"

"பொறாமை."

"கப்பல் மேலயா, என் மேலயா?"

"தெரியலடி."

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடும்போது என் பக்கத்தில் இருந்த தண்ணீரை, "அத்தான், அதைக் கொஞ்சம் தரச் சொல்லுங்க" என்று இவர் வழியாகக் கேட்டாள். மாப்பிள்ளை என் பல்லைக்கூடப் பார்க்கவில்லை.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றார் இவர், பாத்திரம் கழுவும்போது.

"சொல்லாம இருந்துதானே இவ்வளவும் ஆச்சு" என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

போய்விட்டார்கள். இவரைப் பார்த்து "வர்றோம் அத்தான்" என்றாள். கட்டிக்கொள்ளவில்லை. கூடத்தில் நடக்க நிறைய இடம் இருக்கிறது.

தொப்பி ஆணியில் தொங்குகிறது. மறந்தாளா, வேண்டாம் என்று விட்டாளா, தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

ஃபோன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. எந்த முகத்தோடு?

மார்ச் 19, வியாழன்

வேலை முடிந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு சுவரின் முனைவரை போனேன். கப்பல் ஏதும் இல்லாத நாள். பழக்கமில்லாத தொப்பி, இரண்டு தடவை பறந்தது. இரண்டு தடவையும் ஓடிப் பிடித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் தாள் கேட்டு வந்தார்கள். சிவப்பு வரியில் நாலு என்று அடித்தேன். அதற்கு மேலே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: வழியனுப்ப வருகிறவர்களுக்கு, அலைதடுப்புச் சுவரின் முனை, கால் மணி நேர நடை. மானேஜர் படித்துவிட்டு, "இப்படி ஒரு இடம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன்.

இரண்டு மணிக்கு ஃபோன் சிணுங்கியது. சின்னவளின் செய்தி. அக்கா என்றுகூட ஆரம்பிக்கவில்லை.

"இங்க ஒரு ஊர்ல இறக்கி விட்டிருக்காங்க. அஞ்சரைக்குக் கப்பல் கதவை மூடிடுவாங்களாம். நான் எத்தனை மணிக்கு வரணும்?"

படித்தேன். மறுபடி படித்தேன். வாத்தியார் மனைவி என்னிடம் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. "அஞ்சு" என்று அனுப்பினேன்.

"அப்போ அஞ்சரைன்னு அர்த்தம்" என்று வந்தது. எழுந்தே விட்டேன். இல்லடி, வேண்டாம், விளையாடாதே என்று நான் அடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது: "பயப்படாதே. தொப்பியைப் பத்திரமா வை."

அதன்பின் வேலை ஓடவில்லை. அந்த ஊரில் பாலம் இருக்கிறதா, குன்று இருக்கிறதா, எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவள் சுற்றுகிறாள், நான் இங்கே பின் அடிக்கிறேன். வயிறு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

"ஏறிட்டேன் அக்கா" என்று வந்தபோது மணி பார்த்தேன். நாலு ஐம்பது.