படகு நீலத்தில் ஒரு பழைய வண்டி

ஜன. 19, திங்கள்
காலையிலிருந்து வாடைக்காற்று. அங்கன்வாடியில் பிள்ளைகள் பாதிப் பேர்தான். முட்டை மிச்சம்.

வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளை விற்றே தீருவது. இவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுவே பெரிது. பழுதுகள்: பின் பிரேக் பிடிக்காது. சைலன்சரில் உப்புக்காற்று தின்ற ஓட்டை. கிக்கர் திருப்பி உதைக்கும்.

இரண்டு மாதம் முன்பு பொன்னேரி ரோட்டில் வலிப்பு வந்து, மீன் கூடையோடு சேற்றில் விழுந்தார். சேறாக இருந்ததால் பிழைத்தார். ஒரு வருஷத்துக்கு வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். ஊருக்கு நாங்கள் சொன்னது: பிரேக் பிடிக்கவில்லை. உண்மை தெரிந்தால் கோபால் படகில் ஏற்ற மாட்டான் என்று இவருக்குப் பயம். அவனோடுதான் தொழில்.

சாவி இன்னும் இவர் இடுப்பில்.

ஜன. 20, செவ்.
நாளை ஆள் பார்க்க வருகிறார், துரு தெரியாமல் துடைத்து வை என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மதியம் வந்து பார்த்தால் வண்டி முழுக்க நீலம். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட். படகில் எழுதுவதுபோல டேங்கில் வெள்ளையில் பெரிதாக நம்பர் வேறு.

“இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?”

“துரு தெரியுதா பாரு.”

தெரியவில்லைதான்.

ஜன. 21, புதன்
வண்டி பார்க்கப் பொன்னேரியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இத்த ரோட்டுல ஓட்றதாண்ணா, ஏரில ஓட்றதா?” ஆர்.சி. புக்கில் கறுப்பு என்றிருக்கிறது, நீல வண்டி எனக்கெதற்கு வம்பு என்று போய்விட்டார். பக்கத்து வீட்டு மேரியக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை. நானும் சிரித்தேன். உள்ளே வந்து அழுதேன்.

ஜன. 22, வியா.
தின்னர், பழைய துணி, இரண்டு பேரும். கை எரிச்சல். டேங்கில் கறுப்பு வந்துவிட்டது, மட்கார்டு அடியில் கொஞ்சம் நீலம் நிற்கிறது. துவரம்பருப்பு வாங்க மறந்தேன்.

சாயங்காலம் “தெருமுன வரிக்கும் ஒரு தபா ஓட்டிப் பாக்கறேன்” என்று வண்டி மேல் காலைப் போட்டார். முன் சக்கரத்தை மறித்து நின்றேன். “என் மேல ஏத்திட்டுப் போ” என்றேன். இறங்கி உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபமில்லை, பயம். அது ஏன் இவருக்குப் புரியவில்லை.

ஜன. 24, சனி
போய்விட்டது. வண்டி போய்விட்டது.

வாங்கியவர் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வெல்டர் வேலை செய்பவர். சைலன்சர் ஓட்டையை விரலால் தடவி, இதை நானே அடைத்துக்கொள்வேன் என்றார். பிறகு கேட்டார், “ஏண்ணா விக்கிறீங்க? இஞ்சின்ல எதுனா கோளாறா?”

பிரேக் கதையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். இவர் முந்திக்கொண்டார்.

“இஞ்சின் நல்லாத்தான் கீது. பிரேக்கும் சைலன்சரும் பாக்கணும். கோளாறு எனக்குத்தாம்பா. வலிப்பு வருது. ஓட்டக் கூடாதுன்ட்டாரு டாக்டரு.”

என்னிடம்கூட அந்தச் சொல்லை இவர் சொன்னதில்லை. இறால் உரித்துக்கொண்டிருந்த மேரியக்கா கை அப்படியே நின்றது.

வெல்டர் இவர் தோளை ஒரு முறை தொட்டார். கேட்ட விலை வரவில்லை, போகட்டும். கையெழுத்து ஆனது. குட்டியானை வேனில் ஏற்றிக் கட்டினார்கள். இவரும் ஒரு பக்கம் கயிறு பிடித்தார்.

ஜன. 25, ஞாயிறு
மேரியக்கா கோயிலுக்குப் போய் வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பத்து மணிக்குக் கோபால் வந்தான்.

“ரெண்டு மாசமாவா சொல்லாம இருந்த? தண்ணில வந்திருந்தா நான் இன்னாண்ணா பண்ணியிருப்பேன்?” நன்றாகத் திட்டினான். இவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில், “வா, ஆனா தண்ணில எறங்காத. படகுலயே குந்திக்கினு வலையப் புடி” என்றான். டீ குடித்துவிட்டுப் போனான்.

அப்பாடா. மதியம் படுத்தவள் நாலு மணிக்குத்தான் எழுந்தேன். இப்படித் தூங்கி எவ்வளவு நாள்.

விளக்கு வைத்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாத்திரை தீர்ந்து மூன்று நாள் ஆகிறதாம். நான் கேட்கவில்லை, தானாகச் சொன்னார். மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துப் பைக்குள் வைத்தேன். நாளை காலை ஏழு மணி பஸ், பொன்னேரி ஆஸ்பத்திரி. இரண்டு பேரும்.