இரண்டு வருஷமும் ஏழு மாதமும்

சிலமலை,
16.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுத வரவில்லை. அப்பா எட்டு நாளாக அம்மாவிடம் பேசுவதில்லை. தோப்பிலேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. அம்மா நன்றாக இருக்கிறாள். உடம்பும் நன்றாக இருக்கிறது, புத்தியும் நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் போடிமெட்டில் ஜீப்பை நிறுத்தியிருந்தேன். ஏழாவது வளைவில் மண் சரிந்து, ஒரு பக்கமாகத்தான் வண்டி விட்டார்கள். ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளைகள் பதினோரு பேர் உள்ளே இருந்தார்கள். அவர்கள் காதுபட உனக்கு என்ன பதில் சொல்ல முடியும்? நீயும் என்னைப் பேச விடவில்லை. நான் சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நேற்று மெசேஜ் போட்டிருக்கிறாய். இந்த விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுத எனக்குக் கை வராது. அதனால் தபாலில் அனுப்புகிறேன். மங்கோலியாவுக்குப் போய்ச் சேர இருபது நாள் ஆகலாம் என்று போடி போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். ஆகட்டும்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். உன் வயது பொய் என்று கூடைப்பந்துச் சங்கத்துக்கு மனு போட்டது நான் இல்லை. அருணாவும் இல்லை. என் பொண்டாட்டியை நீ போனில் சொன்ன வார்த்தையை நான் அவளிடம் சொல்லவில்லை. மனு போட்டது யாரென்று சங்கத்திலிருந்து விசாரிக்க வந்தவர்களும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். ஒரு தடவை நானே ஒரு மனு எழுதினேன். ஏன் எழுதினேன் என்று சொல்ல வேண்டுமானால் பழையதிலிருந்து வர வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ மறந்துவிட்டவன் மாதிரிப் பேசுவதால் வரிசையாக எழுதுகிறேன்.

2008 சித்திரையில் உனக்குப் பதினாலு முடிந்தது. அப்போதே ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. பள்ளி விளையாட்டு வாத்தியார் பாண்டித்துரை சார் உன்னை விளையாட்டு விடுதித் தேர்வுக்குக் கூட்டிப் போனார். வயது தாண்டிவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாய். நாலாம் நாள் அப்பாவும் சாரும் பேசி முடித்தார்கள். யோகராஜ் என்ற என் பெயரும், நான் பிறந்த தேதியும், என் பள்ளிச் சான்றிதழும் உனக்கு. பிரபு என்ற உன் பெயரும் தேதியும் எனக்கு. உன் வயதில் இரண்டு வருஷமும் ஏழு மாதமும் குறைந்தது. என் வயதில் அது கூடியது. அண்ணனுக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா என்று அப்பா கேட்டார். எனக்குப் பதினோரு வயது. உன் பெயரை வைத்துக்கொள்வது பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வருஷம் என்னை வீட்டில் வைத்திருந்து, பிறகு ராசிங்காபுரத்துப் பக்கம் வேறு பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். காய்ச்சலில் படிப்பு விட்டுப்போனது என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பள்ளி மைதானத்தில் விடிந்ததும் போய் ஐந்நூறு தடவை வளையத்தைப் பார்த்துப் பந்து எறிவாய். ஓடிப்போய் எடுத்துத் தந்தவன் நான், அதனால் எனக்குத் தெரியும். தாய்லாந்து, பஹ்ரைன், இப்போது மங்கோலியா என்று நீ போனதெல்லாம் உன் காலாலும் கையாலும்தான். ஆனால் உன் வயதுக்காரர்கள் வெளியே நின்றபோது சின்னப் பையன்களோடு சேர்ந்து ஆடி மேலே வந்தாயே, அந்த இரண்டு வருஷம் ஏழு மாதம் உன்னுடையது இல்லை.

நான் போலீஸ் வேலைக்கு முயன்றது உனக்குத் தெரியும். முதல் தடவை உயரம், ஓட்டம் எல்லாம் தேறி, எழுத்துத் தேர்வில் இரண்டு மார்க்கில் போனது. அடுத்த தடவை விடக்கூடாது என்று ஒரு வருஷம் படித்தேன். ஜீப் ஸ்டீயரிங் மேலே புத்தகத்தை வைத்துப் படித்தேன். 2023இல் போடியில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் பிறந்த தேதியைப் போட்டதும் விண்ணப்பம் அதற்கு மேல் நகரவில்லை. மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்களுக்கு வயசு தாண்டிருச்சு" என்றாள். உண்மையில் எனக்கு இருபத்தாறு. யோகராஜாக இருந்திருந்தால் இன்னும் வாய்ப்பு இருந்தது.

அன்றைக்குத்தான் அந்த மனுவை எழுதினேன். இரண்டு பக்கம். மறுநாள் காலை போடிமெட்டுத் தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். அங்கே ஜீப்பில் வந்தவர்கள் உன் ஆட்டத்தைப் போனில் காட்டினார்கள். முதுகில் என் பெயரோடு நீ ஓடியதைப் பார்த்து ஜீப்பில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மனுவைக் கிழித்துப் பள்ளத்தில் போட்டுவிட்டேன்.

என் கல்யாணத்துக்கும் நீ போன் பண்ணிச் சொன்னாய், பத்திரிகையில் பிரபு என்றே போடு, யாராவது படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டுவிடுவார்கள் என்று. உன் பெயரில் நான் தாலி கட்டினேன். மூன்றாம் நாள் அருணாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் ஒங்கள என்ன பேரு சொல்லிக் கூப்புட?" என்றாள். இன்றைக்கு வரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இனி எட்டாம் தேதி நடந்தது. சங்கத்திலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். நீ சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். நான் பிரபு, மூத்தவன், ஜீப் டிரைவர், வெளிநாட்டில் ஆடுவது என் தம்பி யோகராஜ். ஆதார், லைசென்ஸ், ரேஷன் கார்டு எல்லாம் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. அவர்கள் பையை மூடிவிட்டார்கள். அம்மா டீ கொண்டுவந்தாள். வந்தவர்களில் பெரியவர் சும்மா பேச்சுக்கு, வெளிநாட்டில் இருக்கிற சின்னப் பிள்ளையை நினைத்து வருத்தமாக இருக்குமே அம்மா என்றார்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "வெளிநாட்டுல ஆடுறவன் பெரியவனுங்க, பிரபு. இந்தா நிக்கிறான்ல, இவந்தான் சின்னவன் யோகராஜு. கார்த்திக மழையில ஜீப்பு கெடைக்காம வீட்டுலயே பெறந்தான்."

அம்மா, மாற்றிச் சொல்கிறாய் என்றேன் நான். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள், "மாத்திச் சொன்னது நீங்க எல்லாரும். நான் சரியாத்தான் சொல்றேன்."

அவர்கள் அதை எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் போனபிறகு அப்பா தோப்புக்கு நடந்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் அம்மாவைக் கேட்டேன். என் மகள் அனுப்பிரியாவைப் பள்ளியில் சேர்த்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாளாம். "அப்பன் பேருன்னு பெரியவன் பேரு இருக்குடா. அப்ப அந்தப் பிள்ளைக்கு நீ யாரு?" என்று கேட்டாள்.  உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

காரில் ஏறும்போது பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டிசம்பர் 15ஆம் தேதி சென்னையில் விசாரணை, உங்கள் அம்மாவுக்கு மறதி ஏதும் இருந்தால் டாக்டர் சான்றிதழோடு வாருங்கள் என்றார். அதை உன்னிடம் சொன்னது என் தப்பு. பயத்தில் சொல்லிவிட்டேன். நீ அதையே பிடித்துக்கொண்டாய். "அம்மாவுக்குப் புத்தி சரியில்லைன்னு ஒரு பேப்பர் வாங்குடா. ஒரே ஒரு பேப்பர்தானடா" என்றாய்.

அண்ணே, நான் போனேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்று சனிக்கிழமை, சுகர் பார்க்கலாம் என்று பொய் சொல்லி அம்மாவைத் தேனிக்குக் கூட்டிப் போனேன். டோக்கன் வாங்கி டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்தோம். அம்மா அந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், நீ பஹ்ரைனிலிருந்து வாங்கி வந்தது. பக்கத்தில் இருந்த நர்ஸ் பெண்ணிடம், என் மூத்த மகன் வெளிநாட்டில் பந்து விளையாடுகிறான், இந்தக் கதவு நிலைக்குக் குனிந்துதான் வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர்தான். நான் எழுந்து அம்மா கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன். பார்க்காமலே போகிறோமே என்றாள். கூட்டமாக இருக்கிறது என்றேன். அங்கே கூட்டமே இல்லை. அது அவளுக்கும் தெரியும். 

அதனால் அந்தப் பேப்பர் வராது. பதினைந்தாம் தேதி அம்மாவோடு நான் போகிறேன். அவள் சொன்னது சரி என்று எழுதிக் கொடுப்பேன். அனுமதிக் கடிதத்தைச் சங்கம் திரும்பப் பெற்றுவிடும், நீ எந்த நாட்டிலும் ஆட முடியாது என்று தெரியும். பாஸ்போர்ட் வழக்கு வரலாம். இத்தனை வருஷம் பொய்க் கையெழுத்துப் போட்ட என் மேலும் வரும். பதினேழு வருஷ உழைப்பை அம்மா ஒரே வாயில் முடித்துவிட்டாள் என்றாய். எனக்கு இதில் ஏதோ கிடைக்கப் போகிறது என்று நினைக்காதே. வருகிற இருபதாம் தேதி எனக்கு உண்மையாகவே இருபத்தொன்பது ஆகிறது. இனி என் சொந்த வயதைக் காட்டினாலும் அந்த விண்ணப்பம் நகராது.

முடிந்தால் அதற்கு முன்னால் நீயே வந்து, நீயே சொல்லிவிடு. மற்றவர் சொல்லித் தெரிவதும் நீ சொல்லித் தெரிவதும் ஒன்றில்லை. நான் போடி ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப் போகிறேன். வரமாட்டாய் என்றும் எனக்குத் தெரியும்.

நீ கேட்டது அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். உனக்கு ஆட்டம் இருப்பதால் போன் பண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமை ஆட்டத்தில் நீ விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை என் போனில் பார்த்தாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அவளை ஒரு தடவை கூப்பிடு. விசாரணை, மனு எதுவும் பேசாதே. கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி