மாப்ள பார்க்கக் கூடாது

மாப்ள,

மாட்டுத்தாவணியில் நிற்கிற அத்தனை பேருந்துகளும், அவை அடிக்கிற அத்தனை ஆரன்களும் சாட்சியாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை மதுரை மாவட்டத்தில் ஒரு ஜீவன்கூட நம்பாது. நீயும் நம்ப வேண்டியதில்லை. வழக்கம்போல வரிக்கு வரி "ரிஜெக்ட்ணே" என்று சொல்லிக்கொண்டே கேள்.

என் மேசைமேல் ஒரு பழுப்புக் கவர் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் பிடுங்கிய இரண்டு ஓட்டை. உள்ளே இப்போது எதுவும் இல்லை. மேலே உன் கையெழுத்தில் மூன்று சொல்: 'மாப்ள பார்க்கக் கூடாது.' காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டக் கொடுக்க வந்த இரண்டு பேர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். கூப்பிடத் தோன்றவில்லை.

நீ போய் நான்கு மாதம். கப்பலூரிலிருந்து திரும்பிய கம்பெனி பேருந்தில், ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறாய் என்று நினைத்திருக்கிறார்கள். இறங்குமிடம் வந்ததும் எழுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள். நான் அழுதால் வைகையில் வெள்ளம் வரும், ஆற்றுக்குள் கழுவ நிறுத்திய வண்டியெல்லாம் ராமநாதபுரம் போய்ச் சேரும் என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டவன் நான். ஒரு சொட்டு வரவில்லை. உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனால் கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துமே, அந்த ஊசிகூட இன்னும் குத்தவில்லை.

நாம் இருவரும் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரே ஊர். பேருந்திலிருந்து இறங்கினால் நான் இடது பக்கம் போவேன், நீ வலது பக்கம். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன் நீ. ஆனாலும் நான் உன்னை மாப்ள என்பேன், நீ என்னை அண்ணே என்பாய். "நீதானடா மூத்தவன், எதுக்குடா என்னைப் போயி அண்ணேங்கிற?" என்று ஒரு தடவை கேட்டேன். "வாய்க்குப் பழகிருச்சுண்ணே" என்றாய். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

பிறகு நான் நகரத்துக்கு வந்து காயில் கட்டுகிற கடை போட்டேன். நீ கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்கிற சின்னத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தாய். ஒவ்வொரு வாஷரையும் விரலால் ஒரு சுற்றுத் தடவி, நல்லது என்றால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். அந்தப் பழக்கம் வேலை முடிந்தும் உன்னை விடவில்லை. நான் வாயைத் திறந்தாலே ஒரு ரிஜெக்ட் தொட்டி தயாராக வைத்திருப்பாய். நான் சொன்னதில் வருஷத்துக்கு ஒன்று பாஸ் ஆனால் பெரிது.

ஐம்பதை நெருங்குகிற இரண்டு குடும்பஸ்தர்கள் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உலகத்தைப் பங்கு போட்ட கதையை எந்தச் சம்சாரம் நம்புவாள்? நம்முடைய சம்சாரங்கள் இருவருமே நம்பவில்லை. என் கடையின் பின்னறைக் கணினியில் நான், உன் வீட்டில் நீ, அவரவர் வீட்டில் மருந்துக்கடை அண்ணனோடு சேர்த்து இன்னும் மூன்று பேர். தலையில் ஹெட்போன். இணையத்தில் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு, ஆளுக்கொரு நாடு. வரி போட்டு, படை திரட்டி, கப்பல் விட்டு, ஆட்டக் கணக்கில் நானூறு வருஷம் ஆள வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் ஒரே சண்டையில்தான் தொடங்கும். எந்த வரைபடம்?

சரித்திர வரைபடம் என்றால் உலகம் உள்ளபடி இருக்கும். நான் மதுரையில் உட்காருவேன். முத்து எங்கே, மிளகு எங்கே, எந்தக் கணவாயை அடைத்தால் எவன் பட்டினி கிடப்பான், எல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே எனக்குத் தெரியும். பன்னிரண்டு லட்சம் யானைகளோடு பாரிசுக்குள் நுழைந்து அங்கே வாடிவாசல் கட்டி ஜல்லிக்கட்டு நடத்தியவன் நான்.

"ரிஜெக்ட்ணே. இந்த ஆட்டத்துல யானையே கெடையாது."

நீ கேட்டது இன்னொரு வரைபடம். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதையே விதையாக வைத்துக் கணினி புதிதாக ஓர் உலகம் செய்துகொடுக்கும். யாரும் பார்த்திராத மலை, யாரும் பேர் வைக்காத ஆறு. திரை முழுக்க இருட்டு. கப்பல் போகப்போகத்தான் இருட்டு விலகும். அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே உலகம் அச்சு மாறாமல் வரும்.

பூ மார்க்கெட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு சண்டை போட்டோம்.

"பேரு தெரியாத ஆத்துக்கு ராஜாவா இருந்து என்னடா பெருமை? வரலாறுன்னு ஒண்ணு வேணாமா?"

"வரலாறு உங்களுக்கு வேணும்ணே."

"உனக்கு வேணாமாக்கும்?"

நீ டீயை இரண்டு தடவை ஆற்றினாய். "எங்க அய்யா நாப்பது வருசம் ஒரே வயக்காட்டுல பாடுபட்டாரு. எந்த வரப்புல நண்டு வளை இருக்கு, எந்த மூலையில தண்ணி நிக்கும், அம்புட்டும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாரு. மேப்பு அவருக்கு மனப்பாடம்ணே. பட்டா வேற ஆள் பேர்ல இருந்துச்சு."

அந்த வேற ஆள் என் அப்பா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வாஷரைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாய். "புது மேப்புன்னா எல்லாருக்கும் இருட்டு. ஒரு தடவையாச்சும் எல்லாரும் ஒண்ணாத் தேடிப் பார்ப்போம்ணே."

"இருட்டுல தடுக்கி விழுந்துட்டு என்னைச் சொல்லக் கூடாது" என்று சிரித்து மழுப்பினேன்.

கடைசியில் உன் கட்சியைக் காப்பாற்றியது மருந்துக்கடை அண்ணன்தான். "இவரு பேச்சைக் கேட்டுக் கேட்டு இவருகிட்டயே தோத்துக்கிட்டு இருக்கோம். புது மேப்பே போடுங்கப்பா." ஐந்தில் நான்கு ஓட்டு உனக்கு. ஆட்டத்தை நடத்துகிற கணினி என்னுடையது என்பதால் எண்ணை என்னிடம் கொடுத்தாய். வாஷர் பெட்டியின் அட்டையைக் கிழித்து ஒன்பது இலக்கம் எழுதியிருந்தாய்.

"ஞாயித்துக்கெழம அடிங்கண்ணே. அதுக்கு முன்னாடி அடிச்சுப் பார்த்துராதீங்க."

"சீச்சீ. என்னை யாருன்னு நெனச்ச?"

சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு அடித்துப் பார்த்தேன்.

இருட்டை மொத்தமாக விலக்கிக் காட்டுவதற்கு அதில் ஒரு வழி இருக்கிறது. விலக்கினேன். கிழக்கே ஒரு பெரிய ஆறு, ஏழு முகமாகப் பிரிந்து கடலில் விழுந்தது. அதன் தலைமாட்டில் தங்கமலை. ஒரு பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொண்டேன். ஏன் என்று கேட்பாய். தோற்கப் பயந்து என்று சொன்னால் ரிஜெக்ட் போடுவாய். தோற்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை. இருட்டில் நிற்பதுதான் எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் ஹெட்போனில் நீ பேசிய குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. "அண்ணே, என்னைச் சுத்தி வெறும் கடலா இருக்குண்ணே!" என்று கத்தினாய், லாட்டரி விழுந்தவன்போல. "நல்ல ஆத்து முகம் ஒண்ணு மட்டும் மாட்டட்டும். கப்பலூர்னு பேர் வச்சுத் துறைமுகம் கட்டுறேன். இருவது வருசமா அந்த ஊருக்குப் போயிட்டு வாரேன், ஒரு கப்பலையும் காணோம்." எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் பலமாகச் சிரித்தேன்.

நீ நான்கு திசைக்கும் கப்பல் விட்டாய். முட்டிக்கொண்டு திரும்பினாய். உணவு தீர்ந்து கரைக்கு வந்து மறுபடி போனாய். நான் ஒரே ஒரு கப்பல் விட்டேன். கிழக்கே, கோடு போட்டமாதிரி. நீ அந்த ஆற்று முகத்தை ஒருவழியாகக் கண்டுபிடித்து வந்தபோது ஏழிலும் என் கொடி பறந்தது.

நான் முழங்கினேன். "தங்கத்தோட வாசம் எம் மூக்குக்குத் தெரியும்டா மாப்ள! எங்க முப்பாட்டன் ஆமை முதுகுல உக்காந்து கடல் தாண்டுனவரு! ரத்தத்துல இருக்குடா!"

ரிஜெக்ட் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு, மெதுவாக:

"நீ தேடவே இல்லையே, மாப்ள."

மற்றவர்கள் கவனிக்கவில்லை. அவர்கள் ஏதோ கோட்டைச் சண்டையில் இருந்தார்கள். எத்தனையோ வருஷத்தில் நீ என்னை 'நீ' என்றதும் 'மாப்ள' என்றதும் அந்த ஒரு தடவைதான். ஆற்றை வரைந்த பில்லை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டேன்.

நீ ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. வடக்கே பாறைக் கரை ஒன்றில் இறங்கிக் கப்பலூர் என்று பேர் வைத்தாய். "இங்கயும் கப்பல் வராது போலண்ணே" என்றாய். அண்ணே திரும்பி வந்துவிட்டது. எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் நினைத்தேன். ஐந்து ஞாயிறு நினைத்தேன். பிறகு அந்தப் பேருந்து.

உன் காரியத்தன்று பந்தலில் மருந்துக்கடை அண்ணனிடம் சொன்னேன். "நான் அந்த மேப்பை முந்தின நாளே பார்த்துட்டேன்யா. ஏமாத்தித்தான் ஜெயிச்சேன்." அவர் என் தோளில் தட்டினார். "எழவு வீட்லயும் அண்ணனுக்குக் குசும்பு போகலை பாருங்க." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அழுது ஓய்ந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நானும் சிரித்தேன். பாரிசில் ஜல்லிக்கட்டு நடத்தியவன் பாவமன்னிப்புக் கேட்டால் யார் நம்புவார்கள்?

பத்து நாளைக்கு முன் உன் மகள் ஸ்கூட்டியைக் கடை வாசலில் நிறுத்தினாள். நீ எப்போதும் சொல்வாயே, கணக்கில் உன்னை விழுங்கிவிட்டாள் என்று. இப்போது கல்லூரியில் அதைத்தான் நடத்துகிறாள். கையில் இந்தக் கவர்.

"பெரியப்பா, அப்பா யாரை மாப்ளன்னு கூப்பிடுவாரு? எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன். யாரும் இல்லங்கிறாங்க. அவரோட செக்கிங் சாமான் டப்பாவுல இது இருந்துச்சு."

"நான்தாம்மா."

"போங்க பெரியப்பா. நீங்கதான் அவரை மாப்ளம்பீங்க. அவரு உங்களை அண்ணேன்னுல்ல சொல்லுவாரு."

சொன்னேன். சனிக்கிழமை ஆறு மணியைச் சொன்னேன். பில்லில் வரைந்த ஆற்றைச் சொன்னேன். நீ சொன்ன அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு யானையும் சேர்க்கவில்லை. ஒரு ஆமையும் சேர்க்கவில்லை. மொட்டையாக இருந்தது. வேறு யாரோ பேசுகிற மாதிரி என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஒன்பது இலக்கம் மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இதை உங்ககிட்டக் காட்டக் கூடாது" என்று கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

நம்பிவிட்டாள் மாப்ள. உலகத்திலேயே ஒரே ஆள்.

அடுத்த ஆட்டத்துக்கு நீ எண் எழுதி வைத்திருக்கிறாய். என்னைத் தெரிந்த பிறகும் எழுதியிருக்கிறாய். என்னைத் தள்ளிவிட்டு ஆடவேண்டும் என்று எழுதவில்லை. பார்க்கக் கூடாது என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அதைப் பத்து நாளாக மண்டைக்குள் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்க்கிறேன். பாஸா ரிஜெக்டா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அது உன் வேலை.

நேற்று ஞாயிறு. அவள் மடிக்கணினியோடு கடைக்கு வந்தாள். என்னை வெளியே நிற்கச் சொன்னாள். ரோட்டைப் பார்த்து நின்றேன். அவள் எண்ணை அடித்து முடித்து, சீட்டைக் கிழித்து, வெறும் கவரை என் கையில் கொடுத்தாள். நீ உட்காரவேண்டிய நாட்டில் அவள் உட்கார்ந்தாள். என் திரையில் ஒரு சின்னக் கரை. மற்றதெல்லாம் இருட்டு.

நான்கு திசைக்கும் கப்பல் விட்டேன். முட்டினேன். உணவு தீர்ந்து ஒரு கப்பல் மூழ்கியது. இன்னொன்று போன இடத்துக்கே திரும்பிப் போனது.

"என்னண்ணே, இன்னைக்கு மூக்கு அடைச்சுக்கிச்சா?" என்றார் மருந்துக்கடை அண்ணன்.

"ஆமாய்யா" என்றேன்.

மூன்று மணி நேரம் தண்ணீரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அப்போது காயில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து உன் மகள், திரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "மாமா, தெக்குப் பக்கம் போகாதீங்க. அங்க ஒண்ணுமில்ல. நான் தேடிட்டுத்தான் வாரேன்."

பெரியப்பா என்பவள் மாமா என்றாள். தெரிந்து சொன்னாளா, வாய் தவறியா என்று நான் கேட்கவில்லை. எங்கோ ஒரு ஊசி குத்தியதுபோல இருந்தது. ரொம்ப நேரம் மவுஸைப் பிடித்திருந்த கையாகவும் இருக்கலாம்.

என் கப்பல் இன்னும் நடுக்கடலில் நிற்கிறது. வருகிற ஞாயிறு அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியாது. கதை அவ்வளவுதான். பன்னிரண்டு லட்சம் யானைக்கு ரிஜெக்ட் போட்டுக்கொள். ஆமை முதுகு, தங்க வாசம், வைகை வெள்ளம் எல்லாவற்றையும் அந்தத் தொட்டியிலேயே கொட்டு. சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் எடுத்து ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து இந்தப் பக்கம் வை.

அது பாஸ், மாப்ள.