எங்கள் வண்டிப் பாஷை ஜப்பான் பாஷை அன்று

அனுப்புநர்:
வி. ஜெயக்கொடி,
ஆறாவது பாரம் மாணவி,
கீழக்குயில்குடி, மதுரை.

பெறுநர்:
கனம் ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்டு அவர்கள்,
மதுரை.

பொருள்: மாணவிகள் ஐவர் மீதுள்ள சந்தேகத்தை நீக்கி, பள்ளிக்கூடம் போக அனுமதிக்கக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. நாங்கள் ஐந்து பெண்கள் தினமும் மாட்டு வண்டியில் மதுரைக்குப் படிக்கப் போகிறவர்கள். வண்டியோட்டி சோலை அண்ணன் நல்லவர். ஆனால் வண்டியில் நாங்கள் பேசுவது எங்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே எங்களுக்கென்று ஒரு பாஷை செய்துகொண்டோம். தமிழ்தான்; கொஞ்சம் கலைத்துப் போட்டது. இப்போது அதில் சண்டை போடவும் பாட்டுக் கட்டவும் தேறிவிட்டோம்.

2. சென்ற திங்கட்கிழமை, தனக்கு வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள் என்று எங்களில் ஒருத்தியான அன்னக்கொடி அந்தப் பாஷையில் சொல்லி அழுதாள். நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். பாலத்தருகே காவலிருந்த கான்ஸ்டேபிள் அதைக் கேட்டு வண்டியை நிறுத்தி, எங்களை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். யுத்த காலத்தில் அவர் விழிப்பாக இருந்ததைக் குறை சொல்லவில்லை. அது ஜப்பான் பாஷை என்று எப்படித் துணிந்தார் என்பதுதான் விளங்கவில்லை. ஜப்பான்காரர் பேசித் தாம் கேட்டதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

3. ஸ்டேஷனுக்குத் தகப்பனார்களை வரவழைத்தார்கள். வண்டியில் பேசியதைத் தமிழில் சொல்லும்படி அன்னக்கொடிக்கு உத்தரவாயிற்று. அவள் தன் தகப்பனார் சுருளி அவர்களைப் பாராமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு இப்பக் கலியாணம் வேணாம். பரீட்சை எழுதணும். அய்யாகிட்டச் சொல்லப் பயமா இருக்கு."

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுருளி அவர்கள், "இம்புட்டுத்தானா தாயி? இதை என்கிட்டத் தமிழ்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். கலியாணப் பேச்சு அன்றே நின்றது. இதற்காகக் கான்ஸ்டேபிள் அவர்களுக்கு நன்றி எழுதும்படி அன்னக்கொடி கேட்டுக்கொண்டாள், எழுதிவிட்டேன்.

4. ஆனால் அந்தப் பாஷையின் சூத்திரத்தை எழுதிக் கொடுக்கும்வரை நாங்கள் மதுரைக்கு வரக் கூடாது என்று ஸ்டேஷன் அதிகாரி சொல்லிவிட்டார். பரீட்சை அடுத்த மாதம். வீட்டிலோ போலீஸ் வார்த்தை இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்கிறார்கள்.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து இந்தத் தடையை நீக்கி உத்தரவிட வேண்டுகிறோம். அழைத்தால் ஐவரும் நேரில் வந்து எந்தக் கேள்விக்கும் தமிழில் பதில் சொல்வோம். வேண்டுமானால் எங்கள் பாஷையில் பேசியும் காட்டுவோம். சூத்திரத்தை மட்டும் கேட்க வேண்டாம். எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அது சர்க்கார் பாஷை, எங்களுடையது அன்று.

கீழக்குயில்குடி,
12-2-1943

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
வி. ஜெயக்கொடி
(மற்ற நால்வருக்காகவும்)